சூழலியல் அடிப்படைச் சொற்கள்: அட்டாளைச்சேனைக் கரையோரம்

உயிரினங்கள் தமக்குள்ளும், தம்மைச் சூழ்ந்த மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றோடும் கொண்டுள்ள தொடர்பை ஆராயும் துறை சூழலியல். ஜெர்மனிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இத்துறைக்குப் பெயரிட்டார். சூழற்றொகுதி என்ற கருத்தை 1935இல் முன்வைத்தவர் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆதர் டான்ஸ்லி. இடைநிலை வகுப்பு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இத்துறைச் சொற்களை அம்பாறை மாவட்டத்து அட்டாளைச்சேனையில் கண்ணாலேயே பார்க்கலாம். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், ஊரோடு ஒட்டி ஓடும் கோணாவத்தை ஆறு.

வயலில் தொடங்குவதே நல்லது. ஓரிடத்தில் ஒரே காலத்தில் வாழும் ஓரினத்து உயிர்கள் குடித்தொகை. ஒரு வட்டையிலுள்ள தவளைகள் அத்தனையும் ஒரு குடித்தொகை. தவளை, நண்டு, கொக்கு, நெல், களை எனப் பல குடித்தொகைகள் சேர்ந்தது சாகியம். அதோடு வெயிலும் சேறும் வாய்க்கால் நீரும் சேர்ந்தால் சூழற்றொகுதி.

நெற்பயிரின் அடித்தண்டை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். விவசாயிகள் அறக்கொட்டி என்று சொல்லும் கபில நிறத் தத்திகள் அங்கே சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒளித்தொகுப்பால் உணவு ஆக்கும் நெல் உற்பத்தியாக்கி. தத்தி முதல்நிலை நுகரி. அதைப் பிடிக்க நீரின்மேல் ஓடிவரும் சிலந்தி இரண்டாம்நிலை நுகரி. சிலந்தியைத் தவளையும், தவளையைப் பாம்பும், பாம்பைப் பருந்தும் தின்ன, உணவுச் சங்கிலி நீளும். பல சங்கிலிகள் பின்னியது உணவு வலை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் சக்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பருந்துகள் சிலவாகவும் தத்திகள் எண்ணற்றவையாகவும் இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்த வலையை மறந்து பூச்சிநாசினி தெளித்தால் சிலந்திகள் முதலில் மடியும். தண்டுக்குள் இடப்பட்ட தத்தி முட்டைகள் தப்பிவிடும். பொரித்து வரும் தத்திகளைத் தின்ன ஆளில்லாததால் அவை முன்னைவிடப் பெருகி, பயிர் எரிந்ததுபோலக் காய்ந்துவிடும். இயற்கை எதிரி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

ஆறுகளையும் வாய்க்கால்களையும் மூடும் ஆற்றுவாழை, அன்னிய ஆக்கிரமிப்பு இனத்துக்கு உதாரணம். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த அதைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. செடி இன்னும் போகவில்லை.

கடற்கரையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைக்கின்றன. மணல் ஓர் உயிரற்ற காரணி; அதன் ஓட்டத்தை மறித்தாலும் சூழற்றொகுதி மாறும். அருகே ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணலைத் தடுத்ததால், துறைமுக வாயில் மண் மூடியது. வடக்கே கரையைக் கடல் அரித்தது. தென்னைகளும் மீனவர்களின் கரைவலைத் துறைகளும் பறிபோயின.

பக்ரீறியாக்களும் பங்கசுக்களும் பிரிகையாக்கிகள். வைக்கோலையும் சாணத்தையும் இறந்த உடலையும் சிதைத்து, அவற்றின் போசணைகளை மண்ணுக்குத் திருப்பித் தருபவை இவையே. பொலித்தீனை அவற்றால் அவ்வாறு சிதைக்க முடிவதில்லை. ஒலுவில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டில் சுற்றுவட்டார ஊர்களின் குப்பை தரம்பிரிக்கப்படாமல் கொட்டப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ இலைதழை தேவைப்படும் யானைகள் அங்கே உணவு தேடி வந்தன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. பிரேத பரிசோதனைகளில் அவற்றின் வயிற்றில் பொலித்தீனும் பிளாஸ்திக்கும் இருந்தன.

குப்பைமேட்டைச் சுற்றி மின்வேலி போட்டால் அது யானையை மறிக்குமே தவிர குப்பையைக் குறைக்காது. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை உணவுக் கழிவோடு சேர்த்துக் கட்டி வெளியே வைக்காமல், வீட்டிலேயே பிரித்து வையுங்கள்.