திரைக்குப் பின்னே இருந்தவர்கள்

பெஞ்சமின் ஹேடன் என்னும் ஆங்கில ஓவியர் தீட்டிய ஒரு பெரும்படத்தின் அச்சுப்படியை, நான் கல்லூரியில் பயின்ற நாளில் ஒரு வரலாற்று நூலில் கண்டேன். மூலப்படம் இலண்டனில் தேசிய உருவப்படக் காட்சிசாலையில் இருக்கிறது. விரிந்ததொரு மண்டபம், நெருக்கமாக அமர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள், நடுவே முதியவர் ஒருவர் கையை உயர்த்திப் பேசுகிறார். ஜமெய்க்காத் தீவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஹென்றி பெக்ஃபோர்டு என்பார் அவரை நோக்கிய வண்ணம் அமர்ந்திருக்கிறார். 1840-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள் இலண்டனில் தொடங்கிய உலக அடிமை ஒழிப்பு மகாநாட்டின் காட்சி அது. பேசுகின்ற முதியவர் தாமஸ் கிளார்க்சன். எண்பது வயதை எய்தியவர். இளமை முதல் அந்த ஒரு பணிக்கே தம்மை ஈந்தவர். படத்தைக் கண்டு நான் மனம் நெகிழ்ந்தேன். அப்படம் காட்டாத செய்தியைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

ஒரு மனிதன் மற்றொருவனுக்கு உடைமையாகான் என்பது அம்மகாநாட்டினரின் கொள்கை. இக்கொள்கை இங்கிலாந்தில் வெற்றி பெற்றதில் மகளிரின் பங்கு சிறிதன்று. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டுக்குள் நுழையவிடோம் என்று மறுத்தவர்கள் அவர்கள். வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டியவர்கள் அவர்கள். ‘படிப்படியாக அன்று, உடனே விடுதலை வேண்டும்’ என்னும் கருத்தை 1824-இல் துணிந்து அச்சிட்டவர் எலிசபெத் ஹெய்ரிக் என்ற மாது. 1833-இல் 1,87,000 பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று பார்லிமெண்டுக்குச் சென்றது. அதே ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இத்தகைய மகளிர் கடலுக்கு அப்பாலும் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் பெண்கள் சிலரும் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த லுக்ரீஷியா மாட். அவர்களைத் தேர்ந்தனுப்பிய சங்கங்களின் சான்றிதழ்கள் முறையாகவே இருந்தன. ஆயினும் ‘பிரதிநிதிகள்’ என்ற சொல் ஆடவரையே குறிக்கும் என்றனர் மகாநாட்டைக் கூட்டியவர்கள். முதல் நாளிலேயே வெண்டல் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கர் எழுந்து, சான்றிதழ் பெற்று வந்த அனைவரையும் ஏற்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொணர்ந்தார்.

அடிமைகளைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் அன்று பெரும்பொழுதைப் பெண்களைப் பற்றிப் பேசியே கழித்தார்கள். சமயகுருமார் சிலர் திருமறையை எடுத்துக் காட்டினார்கள். வேறு சிலர் ஆங்கில நாட்டு வழக்கத்தைக் காட்டினார்கள். மற்றும் சிலர், இதனால் மகாநாடு நகைப்புக்கு இடமாகும், அடிமைகளின் வழக்குக்கே ஊறு நேரும் என்றார்கள். வழக்கமும் திருமறையும் தங்கள் பக்கம் என்று அடிமை முதலாளிகளும் அதுவரை சொல்லி வந்தார்கள் என்பது அவர்கள் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வங்காளத்தில் பல்லாண்டு வாழ்ந்து இராம்மோகன் ராயுடன் நெருங்கிப் பழகியவரும், பிரிட்டிஷ் இந்தியாவில் நிலவிய அடிமை முறையைப் பற்றி நூல் எழுதியவருமான வில்லியம் ஆடம் அங்கே எழுந்தார். இப்பெண்களின் சான்றிதழ் எந்த அதிகாரத்தால் வந்ததோ அதே அதிகாரத்தால்தான் என் சான்றிதழும் வந்தது. அவர்களுக்கு உரிமை இல்லையெனில் எனக்கும் இல்லை என்பது அவர் வாதம். இதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று. வாக்கெடுத்து முடித்தார்கள்; தீர்மானம் பெருவாரியான வாக்குகளால் தோற்றது. பெண்கள் ஒரு தடுப்புக்குப் பின்னே, திரையின் மறைவில் அமர்ந்து, பேசாமல் கேட்டிருக்கலாம் என்று விடப்பட்டார்கள்.

அவர்களையெல்லாம் வேடதாரிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. அயர்லாந்தின் பெருந்தலைவர் டேனியல் ஓ’கானல் அங்கே இருந்தவர். லுக்ரீஷியா மாட் அவரிடம் கருத்துக் கேட்டபோது, அவர் எழுதிய விடை மிக நேர்மையானது. பெண்களை ஏற்பதற்குத் தம் மனம் முதலில் இசையவில்லை என்றும், ஆராய்ந்து பார்க்கையில் அது ஏளனத்துக்கு அஞ்சிய அச்சமே என்று கண்டதாகவும், அவ்வச்சம் தமக்குத் தகாது என்றும் எழுதினார். கொள்கையை மறந்தவர்கள் அல்லர் அவர்கள். பிறர் சிரிப்பாரே என்று அஞ்சியவர்கள்.

மகாநாடு ஆவலோடு எதிர்பார்த்த ஒருவர் சில நாள் பிந்தி வந்தார். அவர் அமெரிக்க அடிமை ஒழிப்பு வீரர் வில்லியம் லாயிட் காரிசன். நடந்ததைக் கேட்டவுடன் தமக்குரிய இடத்தை மறுத்துப் பார்வையாளர் மாடத்தில் ஏறி அமர்ந்தார். இறுதிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. அவருடன் அமர்ந்தவர்களுள் சார்ல்ஸ் ரெமாண்ட் என்னும் கறுப்பினப் பேச்சாளர் ஒருவர். அவர் கடல்கடந்து வருவதற்கான பொருளை அளித்தவர்கள் பெண்கள் நடத்திய அடிமை ஒழிப்புச் சங்கத்தார். தம்மை அனுப்பியவர்கள் அமர முடியாத இடத்தில் அவர் எவ்வாறு அமர்வார்?

அங்கே எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்ற இருபத்து நான்கு வயது மணப்பெண்ணும் இருந்தாள். அவள் பிரதிநிதி அல்லள். பிரதிநிதியாக வந்த கணவனுடன் வந்தவள். அங்கு அவளுக்கும் லுக்ரீஷியா மாட்டுக்கும் ஏற்பட்ட நட்பு எட்டாண்டுக்குப் பின் பயன் தந்தது. 1848 சூலை 19, 20 ஆகிய நாட்களில் நியூயார்க் மாநிலத்துச் செனகா பால்ஸ் என்னும் ஊரில் இருவரும் முன்னின்று மகளிர் உரிமை மாநாட்டை நடத்தினார்கள். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம் கைவிடப்படும் நிலையில் இருந்தபோது, அதனை ஆதரித்துப் பேசி நிறைவேறச் செய்தவர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ்.

ஆனால் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து ராச்செஸ்டர் நகரில் அடுத்த கூட்டம். அதற்கு அபிகெயில் புஷ் என்னும் பெண்மணி தலைமை தாங்கவேண்டும் என்றார்கள். ‘பெண் தலைமை தாங்குவதா? இது மிகையான துணிவு’ என்று தடுத்தவர்கள் யார்? இலண்டனில் திரைக்குப் பின்னே அமர்த்தப்பட்ட லுக்ரீஷியா மாட்டும், அதைக் கண்டு கொதித்த எலிசபெத் ஸ்டாண்டனுமே! அபிகெயில் புஷ் தலைமை தாங்கினார். கூட்டம் செம்மையாக நடந்தது. பின்னர் ஸ்டாண்டன் தம் செயலுக்கு நாணினார். இந்நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கசப்பு வரவில்லை.

கசப்பு பின்னால் வருகிறது. நிறத்தைக் காரணமாகக் கொண்டு வாக்குரிமையை மறுக்கலாகாது என்ற அரசியல் திருத்தம் 1869-இல் அமெரிக்காவில் விவாதிக்கப்பட்டது. அதில் பெண்கள் இடம்பெறவில்லை. அதனால் ஸ்டாண்டனும் அவருடைய தோழி சூசன் அந்தோணியும் திருத்தத்தையே எதிர்த்தனர். கறுப்பின ஆடவரைப் பற்றி ஸ்டாண்டன் இழிவாகவும் எழுதினார். டக்ளஸ் மனம் வருந்தினார். இயக்கம் இரண்டாகப் பிளந்தது. 1895-இல் மகளிர் வாக்குரிமைச் சங்கம் தென்மாநிலத்து அட்லாண்டாவில் கூடவிருந்தது. அவ்வூர் வெள்ளை மகளிர் விலகிப் போவார்களே என்று அஞ்சிய அந்தோணி, டக்ளஸை அங்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதை அவரே ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியிடம் சொல்லி, தாம் செய்தது தவறா என்று வினவினார். தவறுதான் என்றார் ஐடா வெல்ஸ். அட்லாண்டாக் கூட்டம் முடிந்து இரு வாரங்களில், பிப்ரவரி 20-இல், வாஷிங்டனில் நடந்த மகளிர் கூட்டம் ஒன்றில் டக்ளஸ் மேடையில் அமர்ந்திருந்தார். அன்று மாலையே வீட்டில் உயிர் நீத்தார்.

1913 மார்ச்சு 3-ஆம் நாள் வாக்குரிமை கேட்டு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வாஷிங்டன் வீதியில் ஊர்வலம் சென்றனர். சிகாகோவிலிருந்து இல்லினாய் மாநிலக் குழுவுடன் வந்த ஐடா வெல்ஸை, ஊர்வலத்தின் கடைசியில் கறுப்பினப் பெண்களோடு நடக்குமாறு சொன்னார்கள். தென்மாநிலத்தார் மனம் கோணக்கூடாது என்பதே காரணம். ஐடா வெல்ஸ் மறுத்து அகன்றார். ஊர்வலம் புறப்பட்டது. வீதியோரம் நின்ற கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்து, இல்லினாய்க் குழுவின் நடுவே தமக்குரிய இடத்தில் சேர்ந்து நடந்தார். அவருக்கு இருபுறமும் அக்குழுவின் வெள்ளைப் பெண்கள் இருவர் உடன் நடந்தார்கள்.