மைசூர்ச் சாலையில் யூதர் இடுகாடு

பெங்களூர் என்னும் பெயருக்கு மிகப் பழைய சான்று யாது? பேகூர்க் கோயிலில் உள்ள ஒரு நடுகல்லே ஆகும். ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கல், பெங்களூர்ப் போரில் ஒருவன் மாண்ட செய்தியைப் பழங்கன்னடத்தில் கூறுகின்றது. மாண்டவனுக்கு எடுத்த கல், நாம் வாழும் நகரின் பெயரையே காத்துத் தந்துள்ளது. இதனை நெஞ்சிற் கொண்டு, மைசூர்ச் சாலையிலுள்ள யூதர் இடுகாட்டை எண்ணிப் பார்ப்போம்.

1904ஆம் ஆண்டில், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அந்நிலத்தை யூதர்க்கு வழங்கினார். அங்குள்ள மிகப் பழைய கல்லறை, அவ்வாண்டில் மறைந்த சுபேதார் சாமுவேல் நாகவ்கர் என்பாருடையது. ‘கர்’ என முடியும் ஊர்வழிப் பெயர், கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களின் வழக்கு. கமர்சியல் தெருவில் பெரிய காலணிக் கடை நடத்திய ரூபின் மோசசு என்பாரும் இங்கேயே உறங்குகின்றார். அவர் பாக்தாத்து வழிவந்த யூதர். வெவ்வேறு திசையினின்று வந்தோரை ஒரு மண் ஏற்றுக்கொண்டது.

யூதர்கள் இடுகாட்டை ‘உயிர்களின் இல்லம்’ என்று அழைப்பர். புதைத்த இடத்தைக் கலைத்தல் அவர்தம் சமய நெறிக்கு ஒவ்வாதது. ஆயினும் சென்னையில் நிகழ்ந்தது வேறு. கோட்டையில் பதினேழாம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வாணிகம் செய்த யூதர்களின் கல்லறைகள் தங்கசாலைத் தெருவில் இருந்தன. அக்கற்கள் 1934இல் அங்கிருந்து பெயர்க்கப்பட்டன. மேலும் இடம் மாறி, 1983இல் லாயிட்ஸ் சாலையை அடைந்தன. கல் பிழைத்தது, அது காத்து நின்ற இடம் போயிற்று. பெங்களூர்க் கல்லறைகளோ வைத்த இடத்திலேயே நிற்கின்றன. அதுவே அவற்றின் தனிச்சிறப்பு.

இத்தகைய இடத்தைப் புதுப்பித்தல் என்பது பளபளப்பாக்குதல் அன்று. முதலில் ஒவ்வோர் எழுத்தையும் படியெடுத்தும் படம்பிடித்தும் வைத்தல் வேண்டும். பாசியை நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு நீக்கலாம். அமிலமும் கம்பித் தூரிகையும் எழுத்தைத் தின்றுவிடும். பழைய சுண்ணக் கட்டடத்தைச் சுண்ணச் சாந்து கொண்டே செப்பனிடுதல் நன்று. சிமெண்டு ஈரத்தை உள்ளே அடக்கிக் கல்லை உதிர்க்கும். செடி கொடிகளின் வேர் கல்லைப் பிளக்குமுன் களைதல் வேண்டும்.

இன்று பெங்களூரில் வாழும் யூதர் மிகச் சிலரே. உறவினர் கடல் கடந்து சென்றபின், அக்கற்களுக்கு உறவு யார்? அண்டை அயலாரே அல்லரோ! பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம் பெரியோர் பலரும் இம்மண்ணிலேயே கலந்துள்ளனர். நாளை நம் மக்கள் வேறு திசை சென்றால், நம்மவர் பெயரைப் பிறர் காத்தல் வேண்டும் என்று விரும்புவோம் அன்றோ? அவ்விருப்பம் உண்மையானால், அயலார் கல்லறையைப் போற்றுதல் நமக்கும் உரிய கடமையாகும். யூதர் கல்லறையில் மலரிடுவதினும் சிறு கல் ஒன்றை வைத்தலே மரபு. ஒருமுறை நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, பெயர்களைப் படிக்கச் செய்து, ஆளுக்கொரு கல் வைத்து வருவோமாக.