ரொபின்சன் குரூசோ நம்மிடமிருந்து திருடிய கதையா?



"ரொபின்சன் குரூசோ இப்னு துஃபைலின் நூலைத் திருடி எழுதியது" என்ற பதிவை நாமும் பெருமையோடு பகிர்ந்திருக்கிறோம். வகுப்பிலும் சொல்லியிருக்கிறோம். ஒரு நாள் மாணவி ஒருத்தி, "சேர், அதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டாள். எம்மிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே தருகிறோம்.

இப்னு துஃபைல் 12ஆம் நூற்றாண்டு அந்தலூஸியாவின் மருத்துவர், தத்துவ அறிஞர். அவரது 'ஹய் இப்னு யக்ஸான்' கதையில், மனிதரில்லாத தீவொன்றில் மான் பாலூட்டி வளர்த்த பிள்ளை, தன் சிந்தனையாலேயே இறைவனை அறிந்துகொள்கிறது. இதை 1671இல் எட்வர்ட் போகொக் லத்தீனில் வெளியிட்டார். 1708இல் சைமன் ஒக்லி அரபியிலிருந்தே நேரடியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இந்த ஒக்லி பின்னர் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானவர். அரபியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதியவர். இரண்டாம் பாகத்தை முடித்தபோது அவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார்.

டானியல் டீபோவின் குரூசோ 1719இல் வந்தது. ஆகவே டீபோ ஹய்யின் கதையை வாசித்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் வாசித்தார் என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லை. கதைகளும் வேறு. ஹய் தீவிலேயே வளர்ந்த பிள்ளை. குரூசோவோ வளர்ந்த மனிதன். உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கி, கருவிகள், பைபிள் எல்லாம் எடுத்துக்கொண்டவன். பசிபிக் தீவொன்றில் நான்கு வருடங்களுக்கு மேல் தனியே இருந்து 1709இல் மீட்கப்பட்ட செல்கர்க் என்ற மாலுமியின் கதையும் அப்போது லண்டனில் பிரபலம்.

டீபோ நிச்சயமாக அறிந்திருந்த இன்னொரு கதை நம் நாட்டிலேயே நடந்தது. 1660இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸுக்கு அப்போது வயது 19. 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். அவருடைய இலங்கை நூல் 1681இல் லண்டனில் அச்சானது. டீபோ 1720இல் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் பெயரைச் சொல்லியே அந்தக் கதையைச் சுருக்கித் தருகிறார்.

நிச்சயமில்லாததை ஊரெல்லாம் பரப்பினோம். நிச்சயமானது நம் கடற்கரையிலேயே கிடந்தது, அதைச் சொல்லாமல் விட்டோம்.

ஒரு நூலை ஏறத்தாழ 500 வருடங்கள் கழித்தும் இங்கிலாந்தின் அறிஞர்கள் தேடி மொழிபெயர்த்தார்களே, அந்தப் பெருமை இப்னு துஃபைலுக்குப் போதும். திருட்டுக் கதை தேவையில்லை.

அந்த மாணவிக்கு எமது பதில் இதுதான். கேட்டதற்கு நன்றி, மகள்.