ஒளியைத் தாங்கும் கண்ணாடி: வெப்பத்தோடு நடந்த போராட்டத்தின் தென்னிந்தியப் பக்கங்கள்

லேசரின் வரலாறு பெரும்பாலும் ஒளியை உண்டாக்கியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1917இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த தூண்டல் உமிழ்வுக் கோட்பாடு, 1960 மே 16 அன்று தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய மாணிக்கக்கல் லேசர், 1964இல் குமார் படேல் உருவாக்கிய கார்பன் டைஆக்சைடு லேசர் எனப் பாடநூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அந்த ஒளியைத் தன்னுள் ஓடவிட்டும் உடையாமலும் உருத்திரியாமலும் நின்ற கண்ணாடிகளுக்கும் படிகங்களுக்கும் இவ்வரிசையில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் உயர் ஆற்றல் லேசரின் எல்லையை இன்று வகுப்பது அந்தப் பொருள்கள் வெப்பத்தைத் தாங்கும் அளவுதான். அவ்வரலாற்றைப் பின்னோக்கித் தேடுபவர் பாலக்காட்டுக் கணவாய்க்கும் ஆனைமலை, இடுக்கி, கொடைக்கானல் மலைத்தொடர்களுக்கும் உரிய நிலப்பரப்பையும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் சென்ற அறிவியலாளர்களையும் கடந்துதான் செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் சிக்கல் இன்னதென்று தெளிவாதல் வேண்டும். முற்றிலும் ஒளிபுகும் பொருள் என ஒன்று இயற்கையில் இல்லை. மிகத் தூய கண்ணாடியும் தன்னூடே செல்லும் ஒளியில் ஒரு சிறு பங்கை உட்கொண்டு வெப்பமாக்குகிறது. ஒளியைப் பெருக்கும் படிகத்தில் இது இன்னும் கடுமையாகிறது. நியோடிமியம் கலந்த யாக் படிகம் 808 நானோமீட்டர் ஒளியை உட்கொண்டு 1064 நானோமீட்டர் ஒளியை உமிழ்கிறது. இவ்விரு ஒளித்துகள்களின் ஆற்றல் வேறுபாடு ஏறத்தாழ 24 விழுக்காடு. எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் அந்தப் பங்கு படிகத்துக்குள்ளேயே தங்கிச் சூடாக மாறும்.

அந்தச் சூடு மூன்று வகையில் தீங்கு செய்கிறது. வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறும்போது ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. தட்டையான படிகம் ஒரு வில்லையைப் போல ஒளியைக் குவிக்கத் தொடங்குகிறது. சூடான உட்பகுதி விரிய முயல, குளிர்ந்த புறப்பகுதி அதைத் தடுக்க, உள்ளே தகைவு எழுகிறது. அத்தகைவு இரட்டை ஒளிவிலகலை உண்டாக்கி ஒளியின் முனைவாக்கத்தைக் குலைக்கிறது. தகைவு எல்லை மீறினால் படிகம் விரிசல் விட்டு உடைகிறது. இங்கே ஒரு முரண் உண்டு. குளிர்விப்பது புறப்பரப்பில்தான் இயலும். வெப்பம் பிறப்பதோ உள்ளே. ஆகவே பக்கவாட்டில் குளிர்விக்கப்படும் உருளைக் கோலின் நடுப்பகுதி சூடாகவும் விளிம்பு குளிர்ந்தும் இருக்கும். உடையாமல் காக்கும் அதே குளிர்விப்புத்தான் வில்லைத்தன்மையைத் தோற்றுவிக்கும் வெப்பநிலைச் சரிவையும் நிலைநிறுத்துகிறது.

வெப்பம் ஒளியின் பாதையை மாற்றுவதைத் தமிழர் லேசருக்கு நெடுங்காலம் முன்பே கண்டிருந்தனர். பாலை நிலத்துக் கானலைச் சங்க இலக்கியம் பேய்த்தேர் என்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு அகப்படாத அத்தேரை ஓட்டுவது நிலத்தை ஒட்டிய சூடான காற்றடுக்கு. அந்த அடுக்கை அளவியலுக்குள் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் 1900இல் பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராமதாஸ். கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் திரவப் பரப்புகளின் ஒளிச்சிதறலை ஆய்ந்த அவர், பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பகலில் தரைக்கு மிக அருகே வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்ற கேள்வியை 1930களின் தொடக்கத்தில் எஸ். எல். மலூர்கருடன் சேர்ந்து கோட்பாட்டு வழியில் அணுகினார். 1932இல் ஆத்மநாதனுடன் வெளியிட்ட கட்டுரை இன்னும் வியப்பூட்டுவது. தெளிந்த, காற்றற்ற இரவுகளில் மிகக் குளிர்ந்த இடம் தரையன்று. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்றே என்று அது காட்டியது. நெடுநாள் ஐயத்தோடு நோக்கப்பட்ட இம்முடிவு ‘ராமதாஸ் அடுக்கு’ என்ற பெயரில் நிலைபெற்றது. 1993இல் வாசுதேவமூர்த்தி, சீனிவாசன், ரொத்தம் நரசிம்மா ஆகியோர் அதற்கு விரிவான கோட்பாடு ஒன்றை முன்வைத்தனர். ஒளிபுகும் ஊடகத்தில் கதிர்வீச்சு, கடத்தல், சலனம் ஆகிய மூன்றும் ஒருசேர இயங்கும்போது வெப்பநிலை எவ்வாறு அமையும் என்பதே அங்கே கேள்வி. குளிர்விக்கப்படும் லேசர்ப் பலகையின் வடிவமைப்பாளரும் கதிர்வீச்சு, கடத்தல், சலனம் ஆகியவற்றின் கணக்கையே போடுகிறார். அவருக்குக் காற்றின் இடத்தில் படிகமும் குளிர்வாயுவும்.

பாலக்காட்டிலிருந்து தென்கிழக்கே ஆனைமலையைத் தாண்டினால் இடுக்கி மலைகளின் கீழ்த்திசைத் தொடர்ச்சியாகக் கொடைக்கானல் மலை நிற்கிறது. 1899இல் நிறுவப்பட்ட அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்கு இச்சிக்கல் அன்றாடப் பாடமாக இருந்தது. விண்மீனை நோக்கும் தொலைநோக்கி ஒளிக்குறைவால் வருந்துகிறது. சூரியனை நோக்குவது ஒளி மிகுதியால் வருந்துகிறது. கதிரவன் ஒளி கண்ணாடியைச் சூடாக்கி அதன் வடிவத்தை மாற்றும். தரையிலிருந்து எழும் வெங்காற்று பிம்பத்தைக் கலக்கும். 1960ஆம் ஆண்டையொட்டி அங்கு இயங்கத் தொடங்கிய கோபுரத் தொலைநோக்கியின் அமைப்பில் இவ்விரண்டுக்கும் விடை தெரிகிறது. ஒளியை ஏற்கும் 60 சென்டிமீட்டர் ஆடிகள் வெப்பத்தால் மிகக் குறைவாக விரியும் உருக்கிய குவார்ட்ஸால் ஆனவை. அவை தரைக்கு 11 மீட்டர் மேலே வைக்கப்பட்டன. கீழிறங்கும் ஒளி வெப்பநிலை எளிதில் மாறாத 60 மீட்டர் நீள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் செலுத்தப்பட்டு, 38 சென்டிமீட்டர் வில்லையால் 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரிய பிம்பமாக்கப்பட்டது. பொருளைத் தெரிந்தெடுத்தல், வெங்காற்றை விலக்கல், வெப்பநிலையைச் சீராக்கல் ஆகிய மூன்றும் பிற்கால லேசர்ப் பொறியியலின் தலையாய வழிகளாயின.

பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டுமெனில் அதன் பண்புகளை அளந்திருக்க வேண்டும். இங்கேதான் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராமனைச் சூழ்ந்திருந்த குழுவின் பணி முக்கியமாகிறது. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன் உலகுக்குப் புரத ஆய்வாளராகவே அறிமுகமானவர். 1954இல் வெளிவந்த கொல்லாஜன் மும்மடிச் சுருள் அமைப்பும் 1963இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடமும் அவருடைய இளமைக்காலப் பணியை மறைத்துவிட்டன. 1947இல் அவர் ‘திண்பொருள்களின் வெப்ப ஒளியியல் இயல்பு’ என்ற பொருளில் ஒரு கட்டுரை வரிசையை இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். வைரம், ஃபுளோர்ஸ்பார் முதலிய பொருள்களின் ஒளிவிலகல் எண் வெப்பத்தால் எப்படி மாறுகிறது என்பதை அக்கட்டுரைகள் ஆராய்ந்தன.

பொருள் சூடானால் விரிகிறது; அடர்த்தி குறைகிறது; எனவே ஒளிவிலகல் எண் குறைய வேண்டும் என எளிய எதிர்பார்ப்பு கூறும். ஃபுளோர்ஸ்பாரில் அப்படியே நிகழ்கிறது. வைரத்திலோ எண் கூடுகிறது. பொருள் புற ஊதாக் கதிர்களை உட்கொள்ளும் அதிர்வெண்களே வெப்பத்தால் இடம்பெயர்கின்றன என்றும், விரிவின் விளைவோடு இவ்விளைவும் சேர்ந்தே இறுதி மாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்றும் ராமச்சந்திரன் விளக்கினார். எதிரெதிர் திசையில் இழுக்கும் இரு விளைவுகள் உண்டெனில் அவற்றை ஒன்றையொன்று ஈடுசெய்ய வைக்கலாம் என்பது இதன் இயல்பான நீட்சி. இன்றைய பெரும் லேசர்களில் பயன்படும் பாஸ்பேட் கண்ணாடிகள் அத்தகைய சமன்பாட்டை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண் வெப்பத்தால் குறைய, நீள விரிவு அதை ஏறக்குறைய நேர்செய்கிறது.

தகைவின் பக்கத்தையும் இதே தலைமுறை ஆய்ந்தது. அழுத்தப்பட்ட படிகத்தின் ஒளியியல் மாற்றத்தைக் கூறப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போக்கல்ஸ் ஒரு மாறிலி அட்டவணையை வகுத்திருந்தார். 1942இல் எஸ். பகவந்தம் குலக் கோட்பாட்டைக் கொண்டு அதைச் சோதித்து, சில கனசதுரப் படிக வகுப்புகளுக்கு மூன்று மாறிலிகள் போதா, நான்கு தேவை என்று காட்டினார். யாக் படிகம் அந்த வகுப்புகளைச் சேர்ந்ததன்று. அதற்கு மூன்றே போதும். ஆனால் எந்தப் படிகத்துக்கு எத்தனை எண்களை அளக்க வேண்டும் என்ற ஐயமற்ற விதி இல்லாமல் லேசர்க் கோலின் முனைவாக்கச் சிதைவை எவரும் கணக்கிட முடியாது. இதே பகவந்தம் 1960களில் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார்.

1959இல் ராமனும் எஸ். பஞ்சரத்தினமும் கானல்நீரின் ஒளியியலைப் பற்றி எழுதினர். சூடான பரப்பை ஒட்டிய காற்றடுக்கில் ஒளி வளைவதைக் கதிர்களாக மட்டும் கருதிப் பயனில்லை, அலையாகவே கருத வேண்டும் என்று அக்கட்டுரை வாதிட்டது. அடுத்த ஆண்டே மைமனின் மாணிக்கக்கல் ஒளிர்ந்தது. 1960களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் லேசர்க்கற்றை கடந்துசெல்லும் திரவமே வில்லையாக மாறுவது கண்டறியப்பட்டு, வெப்ப வில்லை என்ற கருத்து ஒளியியலில் நிலைகொண்டது. பேய்த்தேர் ஆய்வகக் குடுவைக்குள் வந்து சேர்ந்தது எனலாம்.

அதன்பின் நடந்தது பெரும்பாலும் வடிவத்தின் வரலாறு. 1972இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மார்ட்டினும் செர்னாக்கும் கோலுக்குப் பதில் பலகையைப் பயன்படுத்தி, ஒளியை அதனுள் மடக்கு மடக்காகச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஒவ்வொரு கதிரும் சூட்டையும் குளிரையும் மாறி மாறிக் கடப்பதால் சரிவின் விளைவு சராசரியாகிவிடுகிறது. 1990களில் ஸ்டுட்கார்ட்டில் அடால்ஃப் கீசன் குழு, படிகத்தை மெல்லிய வட்டாக்கி அதன் முதுகுப்புறத்திலிருந்து குளிர்வித்தது. அங்கே வெப்பம் கற்றையின் திசையிலேயே பாய்வதால் குறுக்கே சரிவு மிகக் குறைகிறது. 1995இல் ஜப்பானில் இக்கேசுவே ஒளிபுகும் யாக் பீங்கானில் லேசரை இயக்கிக் காட்டியதும், பெரிய அளவில் படிகம் வளர்க்கும் இடர் ஓரளவு நீங்கியது.

மூன்றாவது வழி, ஒளி புகும் முகத்திலேயே குளிர்விப்பது. கற்றையின் பாதையிலேயே குளிர்பொருளும் ஓட வேண்டும். ஆனால் அது கற்றையைக் குலைக்கக் கூடாது. இங்கே ஹீலியம் கைகொடுத்தது. காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக அது வெப்பத்தைக் கடத்துகிறது. ஒளியை வளைக்கும் திறனோ காற்றினதில் எட்டில் ஒரு பங்கே. பிரிட்டனின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகம் உருவாக்கிய டைபோல் அமைப்பில் இட்டெர்பியம் கலந்த யாக் பீங்கான் பலகைகளின் இடைவெளிகளில் ஏறத்தாழ 150 கெல்வின் குளிர்ச்சியில் ஹீலியம் பாய்கிறது. அக்குளிரில் படிகத்தின் வெப்பக் கடத்துதிறன் கூடுகிறது, விரிவு குறைகிறது. 940 நானோமீட்டரில் ஏற்று 1030இல் உமிழ்வதால் உள்ளே தங்கும் பங்கும் 9 விழுக்காட்டளவே. செக் குடியரசின் ஹைலேஸ் மையத்தில் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, ஒவ்வொன்றும் 100 ஜூல் கொண்ட துடிப்புகளை நொடிக்கு 10 எனத் தந்தது. ஒப்பிட, 192 கற்றைகள் கொண்ட அமெரிக்கத் தேசிய எரியூட்டு மையம் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றது; ஆனால் ஒருமுறை சுட்டபின் அதன் கண்ணாடிப் பலகைகள் ஆறுவதற்குப் பல மணிநேரம் காத்திருக்க வேண்டும். இணைவு ஆற்றலில் மின்நிலையம் அமைய வேண்டுமெனில் அந்தக் காத்திருப்பு நொடியின் பின்னமாகச் சுருங்க வேண்டும். கனவுக்கும் மின்கம்பிக்கும் இடையே நிற்பவற்றுள் குளிர்விப்பும் ஒன்று.

இவ்வரலாற்றை எழுதும்போது இரு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, எல்லாவற்றையும் முன்பே நம்மவர் கண்டுவிட்டனர் என்னும் பெருமிதம். 1947இல் ராமச்சந்திரன் லேசரைக் கருதி வைரத்தை அளக்கவில்லை. ராமதாஸ் பயிர்களையும் வானிலையையும் எண்ணியே தரைக்காற்றை அளந்தார். மற்றொன்று, கருவி செய்தவரை மட்டுமே கணக்கில் கொண்டு அளந்தவரை விட்டுவிடும் மறதி. டைபோலின் வடிவமைப்பாளர் தம் கணிப்பொறியில் இடும் ஒவ்வொரு பொருள் மாறிலிக்குப் பின்னும் யாரோ ஒருவரின் பொறுமையான அளவீடு இருக்கிறது.

அளவீட்டுக்கும் ஆக்கத்துக்கும் இடையிலான தொலைவே இந்தியச் சூழலில் எழுப்பத்தக்க மெய்யான கேள்வி. பெங்களூர்க் கட்டுரைகள் பெரிதும் இயற்கையில் கிடைத்த படிகங்களைப் பற்றியவை. கண்ணாடி உருக்கும் உலை, படிகம் வளர்க்கும் கலன், மெருகேற்றும் பட்டறை ஆகியன வேறு நிறுவனங்களில், வேறு காலத்தில் வளர்ந்தன. 1950இல் கல்கத்தாவில் தொடங்கிய மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆய்வு நிறுவனமும், 1984இல் அடிக்கல் நாட்டப்பட்டு இன்று ராஜா ராமண்ணா பெயர் தாங்கும் இந்தூர் மையமும் லேசர்க் கண்ணாடியில் இணைந்து உழைத்தன. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் 1995இல் உருவான ஒளியணுவியல் பள்ளி, வெப்ப வில்லை விளைவையே ஓர் அளவீட்டுக் கருவியாக்கிப் பல பொருள்களை ஆய்ந்தது. தீங்கெனக் கருதப்பட்ட விளைவு அங்கே துலாக்கோலாயிற்று.

ஆய்வு மாணவர் கவனிக்க வேண்டியது இதுவே. ராமச்சந்திரனின் வெப்ப ஒளியியல் கட்டுரைகள், பகவந்தத்தின் மாறிலிக் கணக்கு, ராமதாஸின் தரைக்காற்று அளவீடுகள், கொடைக்கானல் கோபுரத்தின் கட்டுமான ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே வரலாற்றின் பகுதிகளாக ஒருசேர வாசிக்கும் பணி செய்யத்தக்கது. இயற்பியல், வானிலையியல், வானியல், பொருளியல்பு ஆய்வு எனத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருப்பதால் இவற்றிடையே உள்ள உறவு புலப்படாமல் கிடக்கிறது. ஒளிபுகும் பொருளில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது, அது ஒளியை என்ன செய்கிறது என்ற ஒரே வினாவைக் கையில் பிடித்து நூலகத் தட்டுகளைக் கடந்தால், தென்னிந்திய ஒளியியலின் இன்னொரு வரைபடம் கிடைக்கும்.