மட்டையும் முதுகுப்பையும்

பாலவனத்தம் என்றதும் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே நம் நினைவுக்கு வருவார். அதே கரிசல் சீமையில் தெற்கே உள்ள கோவில்பட்டியின் பெருமையோ ஹாக்கி. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூர்க்காரர்.

மண்தரையில் ஆட மட்டையும் பந்தும் இருந்தால் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். மட்டையை மிதிவண்டியில் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. பந்தின் வேகம் கூடியது. கூடவே கால்காப்பு, பற்காப்பு, பெனால்டி கார்னருக்கு முகக்கவசம், தனிக் காலணி என்று சுமையும் கூடியது. மல்பெரி மட்டையின் இடத்தில் கார்பன் இழைமட்டை வந்தது. ஏழைப் பிள்ளைகளின் ஆட்டம் செலவாளிகளின் ஆட்டமானது இப்படித்தான்.

மட்டை ஏறத்தாழ மூன்றடி நீளம். பள்ளிப்பையில் செருகினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு பேருந்தில் அடுத்தவர் கண்ணைப் பதம் பார்க்கும். ஆகவே மட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி மேலே வாரால் இறுக்கும் பக்க உறையுள்ள முதுகுப்பையே உகந்தது. அகன்ற தோள்பட்டைகள் வேண்டும். வியர்த்த காலணிக்குக் காற்றோட்டமுள்ள தனியறை வேண்டும். (நிறமும் முத்திரையும் பிறகு.)

கோல்காப்பாளரின் கால்தடுப்புகளோ எந்த முதுகுப்பையிலும் அடங்கா. அவருக்குச் சக்கரம் வைத்த பெரும்பைதான். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்ப் பேருந்தில் அதை எங்கே வைப்பது?