பெயர் கேட்காத படிவம்

குன்னத்தூரிலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவி ஒருத்தி, பனியன் கம்பெனிப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுக்கிறாள். அலைபேசியில் ஒரு படிவம் வைத்திருந்தாள். வயது, ஊர், வேலை, திருமணம், கருக்கலைப்பு உண்டா என்று கேள்விகள் வரிசையாக இருந்தன. பெயரை மட்டும் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் பாதகமில்லை என்று நம்பினாள். பதில் சொல்ல உட்கார்ந்த அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார்: "பேரு போடாட்டி என்ன கண்ணு? எங்க கம்பெனியில ஓவர்லாக் ஓட்டற பொம்பள நான் ஒருத்திதான். படிக்கறவிகளுக்குத் தெரியாமயா போயிரும்? இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?"

என் மாணவி பதில் தெரியாமல் என்னிடம் வந்தாள். நான் அவளுக்கு 1986ஆம் ஆண்டுச் சென்னையின் கதையைச் சொன்னேன்.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடப் புறப்பட்டார். பாலியல் தொழிலில் கைதான பெண்களை வைத்திருந்த அரசு விஜிலென்ஸ் இல்லத்துக்குப் போய் இரத்தம் எடுத்தார். முறையான பாதுகாப்புக் கருவிகள் இல்லை. எடுத்த மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். வேலூரில் நடந்த பரிசோதனையில் ஆறு பெண்களுக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்படித்தான். இரண்டு பெண்களின் துணிச்சல் அது; அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இரத்தம் கொடுத்தவர்களும் பெண்கள்தாம். எய்ட்ஸ் பரிசோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என்றும், பால்வினை நோய்க்காக எடுப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள் என்றும் நிர்மலா பிற்காலப் பேட்டியில் ஒளிவின்றிக் கூறினார். ஆய்வுக்கு உட்படுவோரின் சம்மதம் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980லேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. அதற்குச் சட்டத்தின் பலம் இல்லை. அடைத்து வைக்கப்பட்ட ஒருத்தி கையை நீட்டுவதைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா என்று கேட்பாரும் இல்லை.

அந்தப் பெண்களின் பெயர்களை வரலாறு எழுதவில்லை. அது அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில், தொற்று உள்ளது என்பதற்காகவே பெண்கள் இல்லங்களில் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 1990இல்தான் விடுதலை கிடைத்தது. நோயைத் தேடி எடுத்த இரத்தம், கதவுக்குப் பூட்டாக மாறியிருந்தது.

சட்டம் மெதுவாக நடந்து வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அதே ஆண்டு வந்த எச்.ஐ.வி. சட்டம் பரிசோதனைக்குச் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. பெயரில்லாமல் நடக்கும் கண்காணிப்பு ஆய்வுக்குச் சம்மதத்தில் விலக்கு உண்டு. ஆனால் ஆய்வின் நோக்கத்தை அங்கும் சொல்லியே ஆகவேண்டும். 1986இல் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவை டிஜிட்டலாகக் கையாளும் ஆய்வுகளையும் தொடுகிறது. காகிதத்தில் எழுதிக் கணினியில் ஏற்றினாலும் பொருந்தும். ஆராய்ச்சிக்கு அது விலக்கு தருகிறது. கூடவே இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. திரட்டிய தகவலைக் கொண்டு, தந்தவரைப் பற்றித் தனிப்பட்ட எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின் தரங்களைப் பின்பற்ற வேண்டும்: தேவைக்கு மேல் திரட்டாதே, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே, பத்திரமாகக் காப்பாற்று. முதல் நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் அந்த இல்லத்தின் பூட்டு என் கண்ணில் படுகிறது. ஓவர்லாக் ஓட்டும் அக்காவின் பதில் முதலாளியின் கைக்குப் போனால், அவர் வேலையும் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும்.

ஆக, பெயரை நீக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று ஆய்வு செய்யும் நாம் எண்ணிக்கொள்ள முடியாது. ஊரும் வயதும் வேலையும் சேர்ந்தால், சின்ன ஊரில் அதுவே ஒரு பெயர். எதற்குக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் முதல் கேள்விக்குப் போகவேண்டும். வேண்டாம் என்று எழுந்து போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

மாணவி படிவத்தைத் திருத்தினாள். கம்பெனி வேலையின் பெயரை எடுத்தாள். வயதைப் பத்தாண்டுக் கணக்காக்கினாள். நோக்கத்தைப் பேச்சுத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினாள். கேட்டு முடித்த அக்கா, கருக்கலைப்புக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்றாராம். மற்றதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்.