விரட்டப்பட்டவர் திறந்த மேடை: ஹில்டே ஹோல்கரின் வரலாறு

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். பபூன் மேடைக்கு வந்ததும் தூங்கி வழிந்த கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவர் நொண்டி நடந்து காட்டுவார், திக்கிப் பேசுவார், கண் தெரியாதவரைப் போல எதிரில் நிற்பவர்மேல் மோதுவார். கூட்டம் சிரிக்கும். கூட்டத்தின் ஓரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பவரும் சில நேரம் சேர்ந்து சிரிப்பார். அவருடைய நடை மேடை ஏறிவிடும். அவர் ஏற மாட்டார்.

இன்னொரு மேடையும் உண்டு. டிசம்பர் 3 வந்தால் மாற்றுத்திறனாளிகள் தின விழா. ஒரு பாட்டு, ஒரு நடனம், மூன்று சக்கர சைக்கிள் வழங்கல், புகைப்படம். அங்கே அவர் ஏறுகிறார், ஆனால் கலைஞராக அல்ல, பயனாளியாக.

தலித் வரலாறு படித்தவர்களுக்கு இது பழகிய கதை. நந்தனாரின் கதை மேடையில் ஓடியது, திரையிலும் ஓடியது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், 1942-ல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். இருவரும் பெரும் கலைஞர்கள்தான், ஆனால் தலித்துகள் அல்லர். நம் கதையை நாமே எழுதி, நாமே நடித்து, நம் கோபத்தையும் சேர்த்துச் சொல்லும் தலித் அரங்கம் தமிழில் உருவாக கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' போன்ற நாடகங்கள் வரவேண்டியிருந்தது. பேசப்படும் பொருளாக இருந்தவர் பேசுகிறவராக மாறிய இடம் அது. மாற்றுத்திறனாளிகளின் அரங்க வரலாற்றிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. அதன் முக்கியமான இழை ஒன்று வியன்னாவில் தொடங்கி, பம்பாய் வழியாக லண்டனுக்குப் போய், இலங்கை வரை நீள்கிறது. அந்த இழையின் நடுவில் இருப்பவர் ஹில்டே ஹோல்கர்.

1905-ல் வியன்னாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஹில்டே. கெர்ட்ரூட் போடன்வீசரிடம் நவீன நடனம் பயின்றார். இருபது வயது கடந்ததுமே சொந்தமாக நடனப் பள்ளி தொடங்கினார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு மேடை மறுக்கப்பட்டது. 1939-ல் தப்பித்து பம்பாய் வந்து சேர்ந்தார். ஊரில் தங்கிவிட்ட உறவினர்களில் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

பிறப்பை வைத்து ஒரு மனிதரை மேடையிலிருந்து இறக்குவது என்ன என்பது நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத விஷயம். அவர் பம்பாயில் இருந்த அதே ஆண்டுகளில்தான் அம்பேத்கர், யூதர்மீது நாஜிகள் காட்டிய வெறுப்பும் தீண்டப்படாதவர்மீது சனாதனம் காட்டும் வெறுப்பும் கருத்திலும் விளைவிலும் வேறல்ல என்று எழுதினார்.

பம்பாயில் பார்சி மருத்துவர் ஒருவரை மணந்து, அங்கேயும் நடனப் பள்ளி நடத்தினார் ஹில்டே. 1948-ல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு மகன் டேரியஸ் பிறந்தான். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டேரியஸ் பத்து வருடம் முன்னால் தாயின் ஊரில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாஜிகள் முதலில் திட்டமிட்டுக் கொன்று பழகியது மாற்றுத்திறனாளிகளைத்தான். 'டி4' என்ற அந்தத் திட்டத்தில் 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். வியன்னாவிலேயே அம் ஸ்பீகல்குருண்ட் என்ற மருத்துவமனையில் ஏறக்குறைய 800 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். "வாழத் தகுதியற்ற உயிர்" என்பது அவர்களுக்கு வைத்த பெயர். இன அழிப்பும் மாற்றுத்திறனாளி அழிப்பும் தனித்தனிக் கதைகள் அல்ல; தூய உடல், தூய ரத்தம் என்ற ஒரே கொள்கையின் இரண்டு கைகள்.

மகனோடு வேலை செய்யத் தொடங்கிய ஹில்டே, மற்ற அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கும் நடனம் கற்றுக்கொடுத்தார். 1968-ல் லண்டனின் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில், கிரீக்கின் இசைக்கு, அந்த இளைஞர்கள் ஆடிய 'ஒளியை நோக்கி' என்ற நிகழ்வை மேடையேற்றினார். இப்படிப்பட்டவர்களை விடுதிகளுக்குள்ளும் மனநலக் காப்பகங்களுக்குள்ளும் அடைத்து வைத்திருந்த காலம் அது. பள்ளி விழாவிலோ அறக்கட்டளைக் கூடத்திலோ ஆடவைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தொழில்முறைக் கலைஞர்கள் ஆடும் அதே மேடையைக் கேட்டு வாங்கியதுதான் அதன் அரசியல். தொண்ணூறு வயதைக் கடந்தும் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் பாடம் நடத்தினார். 2001-ல், 95-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய மாணவர் வுல்ஃப்காங் ஸ்டாங்கெ 1980-ல் லண்டனில் 'ஆமிச்சி' என்ற நடன அரங்கக் குழுவைத் தொடங்கினார். லத்தீன் மொழியில் அதற்கு 'நண்பர்கள்' என்று பொருள். பார்வையற்றோர், சக்கர நாற்காலியில் இயங்குவோர், அறிவுசார் குறைபாடுள்ளோர், குறைபாடு ஏதும் இல்லாதோர் எல்லோரும் அதில் ஒன்றாக ஆடுகிறார்கள். முன்கூட்டியே வகுத்த அடவை அவர்கள்மேல் திணிப்பதில்லை. ஒவ்வொருவருடைய உடலும் எப்படி அசைகிறதோ அதிலிருந்தே காட்சி பிறக்கிறது. ஹோல்கரின் வாழ்க்கையையே இந்தக் குழு ஒரு படைப்பாக்கி, அவர் விரட்டப்பட்ட வியன்னாவிலும் நிகழ்த்தியது.

2000-ல் இலங்கையில் சுனேரா அறக்கட்டளை உருவானதிலும் ஸ்டாங்கெக்குப் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளி இளைஞர்களுடன் போரில் உறுப்பிழந்த படைவீரர்களும் அங்கே மேடையேறினார்கள். தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் போகாது: போர் முடிந்த நாட்டில் யாருடைய காயம் மேடைக்கு வருகிறது, யாருடைய காயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது? அரங்கம் நல்லது செய்கிறது என்பதற்காக இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை.

அதே கேள்வியை நம்மை நோக்கியும் திருப்ப வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 சதவீதம். சத்துக் குறைவு, ஆபத்தான வேலை, எட்டாத மருத்துவம் என்று சாதி உடல்மேல் எழுதும் கணக்கு இது. ஆனால் நம் பறைக் குழுக்களில், வீதி நாடகங்களில் இவர்கள் எத்தனை பேர்? களப்பணியில் நான் பார்க்கும் வட்டங்களில் பெரும்பாலும் நின்று, குதித்து, சுழன்று ஆடும் உடல்கள்தான். ஒத்திகை நடப்பது மாடி அறையில். "அண்ணே, நீங்க உக்காந்து பாருங்க" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். சேரிக்குள்ளேயே ஒரு ஓரம் உருவாவது இப்படித்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வை உரிமையாகவே பேசுகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தரவேண்டும் என்கிறது. அவர்களுடைய வரலாற்று அனுபவத்தைப் பதிவு செய்யும் அருங்காட்சியகம் வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. மாவட்டக் கலை விழாக்களில் இந்தப் பிரிவைக் காட்டி மேடையும் சம்பளமும் கேட்கலாம்.

அதற்கு முன் நம் குழுவில் செய்யக்கூடியவை சில. ஒத்திகையைப் படி இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். உட்கார்ந்து அடிப்பவரின் வேகத்துக்கு ஒரு அடியைக் கட்டுங்கள். கதை பேசும்போதே அவரைக் கூப்பிடுங்கள்; எழுதி முடித்த பிறகு பரிதாபக் காட்சி ஒன்றுக்காகக் கூப்பிடாதீர்கள். மற்றவருக்குக் கொடுக்கும் அதே பணத்தை அவருக்கும் கொடுங்கள்.

காந்திகிராமத்தில் 1977-ல் தேசிய நாடகப் பள்ளி நடத்திய பயிற்சி முகாம், தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தொடக்கம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அப்படி ஒன்று இந்த மண்ணில் மறுபடி தொடங்க முடியாது என்று யார் சொன்னது? இந்த முறை வட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாம்தான் முடிவு செய்யப்போகிறோம்.